ஆட்டோவில் வந்த குரல்

மங்கலம்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் எனக்குப் போன் செய்தபோது, நான் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புத் தமிழ்த் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் அப்பாவின் பழைய சிநேகிதர். அப்பா இறந்த பிறகு ரம்ஜானுக்கு ஒரு முறை, பொங்கலுக்கு ஒரு முறை என்று பேசுவார். மற்ற நாட்களில் பேசுவதில்லை. அதனால் அவர் எண்ணைப் பார்த்ததும் ஏதோ துக்கச் செய்தி என்றுதான் எழுந்து வராந்தாவுக்கு வந்தேன்.

"ஸ்கூல்ல இருக்கியாம்மா?"

"ஆமாங்க மாமா. என்னங்க, வூட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. அது வந்து..." என்று நிறுத்தினார். அவர் பேச்சில் தடுமாறி நான் கேட்டதில்லை. "உங்கப்பா பேசறாரும்மா. எங்க கடத்தெருவுல. ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டு போறானுங்க, அதுல உங்கப்பா பேசறாரு. நான் கல்லாவுல இருந்து எழுந்து ஓடியாந்துட்டேன். நீயே கேளு."

போனை வெளியே நீட்டினார் போலிருக்கிறது. ஹாரன் சத்தம், யாரோ ஒரு பெண் பேரம் பேசும் சத்தம், அதற்குப் பின்னால் தூரத்தில் ஒலிபெருக்கி. ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்துகொள்ள வார்த்தை எதற்கு? வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டேன். அப்பா இறந்து ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகியிருந்தன.

அப்பா பெரிய தலைவர் இல்லை. மெட்ராஸில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. விருத்தாசலத்தில், அதுவும் பீங்கான் பட்டறைகள் இருக்கும் பகுதியில், அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. பதினெட்டு வயதில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். சூளைக்குப் போவதற்கு முன்னால், காய்ந்த கோப்பைகளின் விளிம்பைச் சுரண்டி வழவழப்பாக்கும் வேலை. சுரண்டச் சுரண்டப் பொடி பறக்கும். அந்தப் பிரிவில் வேலை செய்பவர்கள் சாயங்காலம் வெளியே வரும்போது புருவமும் கண்ணிமையும் வெளுத்து, எல்லோரும் ஒரே வயதுக்காரர்கள் போல இருப்பார்கள். அங்கேதான் அவர் சங்கம் கட்டினார். பிறகு கட்சி, இரண்டு முறை நகராட்சிக் கவுன்சிலர். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை.

மேடையில் அவர் நீட்டி முழக்க மாட்டார். மைக்கைக் கையில் வாங்கியதும், "எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்று கேட்பார். கூட்டத்தில் யாராவது "இல்ல" என்றால், "அப்ப சீக்கிரம் முடிச்சிக்கலாம்" என்பார். அவருக்கு ழகரம் வராது. எங்கள் பக்கத்தில் பலருக்கும் வராததுதான். 'தொழிலாளி' அவர் வாயில் 'தொயிலாளி' ஆகிவிடும். நான் தமிழ் படித்து ஆசிரியை ஆன பிறகு ஒரு நாள் அவரைத் திருத்தப் பார்த்தேன். நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு முறை முயற்சி செய்துவிட்டு, "நீ கத்துக்கினல்ல, அது போதும் வூட்டுக்கு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பட்டறைகளில் பொடியை வெளியே இழுக்கும் மின்விசிறி வைக்க வேண்டும் என்பதுதான் அவர் கடைசியாக நடத்திய போராட்டம். ஒரு முதலாளியின் பட்டறை வாசலில் பதினோரு நாள் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் அந்த முதலாளி கொடுத்த புகாரில் அப்பாவைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் மாலைவரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மின்விசிறி வரவில்லை. சில வருடங்கள் கழித்து அந்த முதலாளி அப்பாவின் கட்சியிலேயே வந்து சேர்ந்தார். சேர்ந்த வேகத்தில் மேலே போனார். அன்றிலிருந்து அப்பா கட்சி ஆபீசுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். யாரும் கேட்டால், "அவன் ஏர்ற மேடையில எனக்கு இன்னா வேல?" என்பார். ஆனால் உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் கண்ணாடிக் கூட்டோடு அது இருந்தது. அதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று நானும் கேட்டதில்லை.

அதற்குள் நெஞ்சில் சேர்ந்த பொடி வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. கடைசி ஒன்றரை வருடம் முன் அறையில், ஆக்ஸிஜன் மெஷின் பக்கத்தில்தான் அவர் வாசம். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் மூச்சு வாங்கும். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது போன் செய்து பேச முடியாது. ஒரு பேச்சு என்றால் இரண்டு பக்கமும் பேச வேண்டுமே. வாட்ஸப்பில் குரலைப் பதிந்து அனுப்புவதற்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அது அவருக்கு வசதியாகப் போயிற்று. ஒரு வாக்கியம் பேசி, மூச்சு வாங்கி, இன்னொரு வாக்கியம் பேசி அனுப்புவார். 'வரும்போது ரெண்டு மோரு பாக்கெட்டு.' 'கரண்டு போயிட்டு வந்துடுச்சி, பயப்படாத.' 'பேப்பர்ல உங்க ஸ்கூலு பேரு போட்டுருக்கான், பாத்தியா.' அவ்வளவுதான். அவர் போன பிறகு அவற்றை நான் திறக்கவில்லை. அழிக்கவும் இல்லை.

தேர்தல் அறிவிப்பு வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் கட்சியின் நகரச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். அப்பாவின் சைக்கிள் கேரியரில் பசை வாளியோடு உட்கார்ந்து போஸ்டர் ஒட்டப் போனவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அப்பா இறந்தபோது பந்தல் போட்டது முதல் பால் தெளித்தது வரை உடன் நின்றவர்.

"தலைவருக்கு ஒரு நினைவு வீடியோ பண்ணலாம்னு இருக்கோம்க்கா. அவரு குரலு எதுனா இருந்தா குடுங்க. ரெண்டு வார்த்தையாவது அதுல வரணும்" என்றார்.

பழைய கேசட்டுகள் பீரோவுக்கு அடியில் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. போனில் இருக்கிறது என்றேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்வு செய்து அவருக்கு அனுப்பினேன். ஒன்றைக்கூடத் திறந்து கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன், அவர் எதிரில் அழக்கூடாது என்று நினைத்தேன். அம்மா அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நினைவு வீடியோ வரவில்லை. நானும் மறந்துவிட்டேன். வேட்பாளராக அந்தப் பட்டறை முதலாளி பெயர் வந்தது. ஊரெங்கும் பேனர் வைத்தார்கள்.

பாய் போன் செய்த மறுநாள் சனிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். அம்மா பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் முழுக்க எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு, சொல்லாமலேயே படுத்துவிட்டேன். ஆட்டோ எங்கள் தெருமுனையில் திரும்பியது. முதலில் பாட்டு. பாட்டு நின்றதும் அப்பா பேசினார்.

"அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! உங்களோடு மண்ணில் உழைத்த தொழிலாளி பேசுகிறேன். நான் இல்லாத இடத்தில் என் தம்பி நிற்கிறார். அவருக்கு நீங்கள் போடும் ஒவ்வொரு ஓட்டும் எனக்குப் போடும் ஓட்டு. தொழிலாளர் வாழ்வு செழிக்க..."

தொழிலாளி. வாழ்வு. செழிக்க. ழகரம் ஒவ்வொன்றும் பாடப்புத்தகத்தில் இருப்பது போல அப்படியே விழுந்தது. அப்பா வாழ்நாளில் யாரையும் பெருமக்களே என்று கூப்பிட்டதில்லை. எந்த வார்த்தையும் அவருடையது இல்லை. ஆனால் குரல் அவருடையது. நான் அனுப்பிய குரல்களை ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருக்கிறார்கள்; அது அவரைப் போலப் பேசக் கற்றுக்கொண்டிருந்தது. அது கற்றுக்கொண்டது நோயாளியின் குரலை. அதனால் ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் ஒரு சின்ன இழுப்பு. தொண்டையில் காற்று போதாமல் இழுக்கும் இழுப்பு. அதையும் சேர்த்தே எடுத்து வைத்திருந்தார்கள்.

அம்மா ஈரக்கையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். செதில் ஒட்டிய கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டித் தெருவில் நின்றாள். ஆட்டோ மெதுவாக எங்கள் வீட்டைக் கடந்தது. ஓட்டியவர் யாரோ வெளியூர்க்காரர்; எங்களைப் பார்க்கக்கூட இல்லை. எதிர்வீட்டுப் பெண்கள் வெளியே வந்து, அம்மாவைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்கள்.

நான் ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஆட்டோ போன திசையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"மூச்சு வாங்குது பாரு. இன்னும் மூச்சு வாங்குதுடி அவருக்கு."

அன்று மத்தியானமே நான் பாலக்கரைப் பக்கம் அவர்கள் வைத்திருந்த தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். அரசாங்க வேலையில் இருப்பவள், தேர்தல் பணிக்கு ஆணை வாங்கியவள், ஒரு கட்சி அலுவலகத்தில் ஏறுவது சரியா என்று வழியெல்லாம் யோசித்தேன். ஆனாலும் போனேன். வாசலில் பெரிய பேனர். முதலாளி கைகூப்பி நிற்க, அவர் தோளுக்குப் பின்னால் அப்பா. கன்னத்தை நிரப்பி, முடியைக் கறுப்பாக்கி, உதட்டில் ஒரு சிரிப்பை வைத்திருந்தார்கள். இருபது வருடம் முன்னால்கூட அப்பா அத்தனை ஆரோக்கியமாக இருந்ததில்லை.

நகரச் செயலாளர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். சுற்றி இருந்தவர்களை வெளியே அனுப்பினார்.

"நினைவு வீடியோன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"பண்ணணும்னுதாங்க்கா வாங்கினேன். சத்தியமா. அப்புறம் மேல இருந்து ஒரு கம்பெனிக்காரங்க வந்தாங்க, பிரச்சாரம் பாத்துக்க. தொகுதியில யாரு பேரு சொன்னா ஓட்டு வுழும்னு கேட்டாங்க. எல்லாரும் தலைவர் பேரத்தான் சொன்னாங்க. குரல் இருக்கான்னு கேட்டாங்க. இருக்குதுன்னுட்டேன்."

"யாருக்கு ஓட்டு கேக்க வச்சிருக்கீங்கன்னு தெரியுதா? அந்த ஆளு எங்கப்பாவ ஸ்டேஷன்ல உக்கார வச்சாரு. அன்னிக்கி நீங்களும் வெளிய நின்னீங்க."

அவர் மேஜைமேல் கிடந்த துண்டறிக்கைகளை அடுக்கி, மறுபடியும் கலைத்தார். பிறகு சொன்னார்:

"நான் இன்னாக்கா பண்றது? உசுரோட இருக்கறவங்க யாரு பேரச் சொன்னாலும் ஜனங்க சிரிக்கிறாங்க. செத்தவங்க பேருதான் எங்களுக்கு மிச்சம்."

அதைக் கேட்டதும் எனக்கு இருந்த கோபம் என்னவோ ஆயிற்று. அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். முதல் முறை அந்தப் பதிவைக் கம்பெனிக்காரர்கள் போட்டுக் காட்டியபோது அறையை விட்டு வெளியே போய்விட்டதாகவும், திரும்பி வந்து இன்னொரு முறை போடச் சொன்னதாகவும் சொன்னார். "நிறுத்துங்க. எங்க தெருவுல மட்டுமில்ல, எங்கயும் வேணாம்" என்றேன். வேட்பாளரிடம் பேசுகிறேன் என்றார்.

"பேசிப் பாக்கறேங்க்கா. உங்க தெருப் பக்கம் நாளையில இருந்து வராது. அதுக்கு நான் ஜவாப்தாரி."

மறுநாள் காலை ஒன்பதரைக்கே அம்மா குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு முன் அறை ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் கீரைக்கட்டு. ஆயும் கீரையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாயிற்று, பத்தரை ஆயிற்று. வேறு கட்சியின் ஆட்டோ ஒன்று போயிற்று. பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கி வரலியே அது?"

"வராதும்மா. நிறுத்தச் சொல்லிட்டு வந்துட்டேன்."

கீரையைக் கீழே வைத்தாள்.

"உன்ன யாரு சொல்லச் சொன்னது?"

"என்னாம்மா இது? அந்தாளுக்கு அப்பா ஓட்டு கேக்கறாரும்மா. அப்பா கேப்பாரா?"

"கேக்க மாட்டாருதான். எனக்குத் தெரியாதா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. என் கல்யாணப் பேச்சு முறிந்தபோதுகூட அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. "அவரு யாருக்கு ஓட்டு கேட்டா எனக்கு இன்னா? எனக்கு அவரு சத்தம் கேட்டுச்சி. ஒண்ணேகால் வருஷம் கழிச்சி கேட்டுச்சி. உனக்கு இன்னா, உன் போன்ல வச்சிருக்க. வேணும்னா கேட்டுக்குவ. எனக்கு எங்க இருக்குது? எனக்கு ஒண்ணாவது அனுப்புனாரா? பக்கத்துலயே இருந்தேன், எனக்கு எதுக்கு அனுப்பப் போறாரு?"

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அப்பா எனக்குப் பேசி அனுப்பியதை அவள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள், எனக்கு வந்த பதிவை அவள் கேட்டதில்லை. அப்பாவின் குரல் என் போனில் இருப்பது அவளுக்குத் தெரியும். போடச் சொல்லி ஒரு நாள்கூட அவள் கேட்கவில்லை. நானாகப் போட்டுக் காட்டுவேன் என்று காத்திருந்திருக்கிறாள். நானோ எனக்குத் தாங்காது என்று மூடி வைத்திருந்தேன். அவளுக்குத் தாங்குமா, வேண்டுமா என்று ஒரு முறைகூட நினைக்கவில்லை. நினைவு வீடியோ என்று கேட்ட ஒருவருக்கு, ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன். என் தாய்க்குக் கொடுக்கவில்லை.

போனை எடுத்துவந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "மொதல்ல இருந்து போடு" என்றாள். போட்டேன்.

மோர் பாக்கெட் வந்தது. கரண்டு வந்தது. 'டாக்டர் கிட்ட அடுத்த வாரம் போவலாம், இந்த வாரம் வேணாம்.' 'உங்கம்மா தூங்குறா. எழுப்பாத, வந்து நீயே சோறு போட்டுக்க.' அதைக் கேட்டு அம்மா சிரித்தாள். "தூங்கல, சும்மா கண்ண மூடிக்கினு கெடந்தேன்" என்றாள். இன்னொன்றில் அப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அம்மாவே யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். தன் குரலைக் கேட்டு, "யாரத் திட்டுறேன்?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

முப்பதோ நாற்பதோ இருக்கும். பாதி தாண்டியிருப்போம். அடுத்தது என்ன என்று பதிவின் தேதியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கட்டை விரலால் அதைத் தாண்டப் பார்த்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது இன்னா? அதப் போடு."

"அது ஒண்ணுமில்லம்மா, சும்மா..."

"போடுடி."

அப்பா பேசினார். 'அம்மாகிட்ட சொல்லாத. காலையில இருமுனப்ப ரத்தம் வந்துச்சி. கொஞ்சந்தான். நீ சாயங்காலம் வா, பேசிக்கலாம். அவகிட்ட சொல்லாத.' இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் வெகுநேரம் மூச்சுதான் கேட்டது.

இதையும் அல்லவா அனுப்பியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எங்கேயோ ஓர் அறையில் யாரோ இதைக் காதில் மாட்டிக் கேட்டிருக்கிறார்கள். இதில் இருந்தும் அந்தக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டிருக்கிறது. அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அம்மா என் மணிக்கட்டை விடாமலேயே சொன்னாள்: "எனக்குத் தெரியும். தலகாணி ஒறைய நாந்தான தொவச்சேன்."

அவளும் எங்களிடம் சொல்லவில்லை. அவர் அவளிடம் மறைக்கச் சொன்னார், நான் மறைத்தேன், அவள் தெரிந்துகொண்டதை எங்கள் இரண்டு பேரிடமும் மறைத்தாள். ஒரே வீட்டில் மூன்று பேரும் ஒன்றையே தெரிந்துவைத்துக்கொண்டு, மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டு நாலு மாதம் ஓட்டியிருக்கிறோம்.

மிச்சத்தையும் கேட்டு முடித்தாள். மறுபடியும் போடவா என்றேன். "வேணாம். அவ்ளோதான்" என்று எழுந்து கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எங்கள் தெருவுக்கு அந்த ஆட்டோ வரவில்லை. நகரச் செயலாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் நிறுத்தவில்லை. பக்கத்துத் தெருக்களில் போயிற்று, பட்டறைகள் பக்கம் போயிற்று, மங்கலம்பேட்டைக்குத் தினமும் போயிற்று. பாய் இன்னொரு முறை போன் செய்து, "நான் ஷட்டர இழுத்துட்டு உள்ள உக்காந்துக்கறேம்மா அது வரும்போது" என்றார். காற்று எங்கள் பக்கம் அடித்தால் எங்களுக்கும் லேசாகக் கேட்கும். முதல் தடவை அப்படிக் கேட்டபோது அம்மா ஜன்னல் கதவைச் சாத்தினாள். "வெயில் வருது" என்றாள்.

நான் ஒரு மனு எழுதினேன். தேர்தல் அதிகாரிக்கு என்று முகவரியிட்டு, என் தந்தையின் குரலை எங்கள் அனுமதியில்லாமல் பயன்படுத்துகிறார்கள் என்று இரண்டு பக்கம். ஆனால் அனுமதியில்லாமல் என்ற இடத்தில் பேனா நின்றது. நானே அல்லவா அனுப்பினேன். அப்புறம் வேலை பற்றிய பயம். அரசாங்கச் சம்பளம் வாங்குபவள் ஒரு கட்சிக்கு எதிராக எழுதினாள் என்று யாராவது கிளப்பிவிட்டால்? வெளியே தெரிந்தால் அப்பாவின் பெயர் டி.வி.யில் வரும், அம்மா முன்னால் மைக் நீட்டுவார்கள். இப்படி ஒவ்வொன்றாக யோசித்து, மனுவைப் பாடக்குறிப்பேட்டுக்குள் வைத்தேன். பிரச்சாரம் முடியும் நாள் வந்து, ஆறு மணிக்கு எல்லா ஒலிபெருக்கியும் அடங்கியது. எனக்கு எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வாக்குச்சாவடிப் பணி. அம்மா தனியாகப் போய் ஓட்டு போட்டுவிட்டு வந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

முதலாளி ஜெயித்தார்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். அறுபது வயதிருக்கும். அப்பா வேலை செய்த காலத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பை சுரண்டியவர். இப்போது அந்த முதலாளியின் பட்டறையில் அதே வேலை. பதினோரு நாள் போராட்டத்தில் அப்பாவோடு உட்கார்ந்தவர்களில் ஒருவர். பெண்ணாடத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா சொன்னாருன்னுதாம்மா அந்தாளுக்கு ஓட்டு போட்டோம்" என்றார். "எங்க செக்‌ஷன்ல எல்லாரும் போட்டோம். மொதல்ல வேணாம்னுதான் இருந்தோம். அப்புறம் ஆட்டோவுல அவரே சொல்றாரே. மூச்சு வாங்க வாங்க சொல்றாரே. படுக்கையில கெடக்கும்போது பேசி வச்சிட்டுப் போயிருக்காரு, காரணம் இல்லாம சொல்லுவாரா, அந்தாளு திருந்தியிருப்பான், ஃபேனு வைக்கறேன்னு இவருகிட்ட வாக்கு குடுத்திருப்பான்னு பேசிக்கினோம். ஆனா இன்னும் வைக்கல பாரும்மா. கேட்டா அடுத்த மாசம், அடுத்த மாசம்ன்றாங்க. அவரு என்னா பேசி முடிச்சாருன்னு உனக்குத் தெரியுமா? எழுதி கிழுதி எதுனா வாங்கி வச்சாரா?"

பேசும்போது அவரும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். தெரியாது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அப்பாவின் பேரால் இன்னொரு பொய் வேண்டாம் என்று தோன்றியது.

"அது அப்பா பேசினது இல்லம்மா" என்றேன். "அப்பா குரல வச்சி மெஷின்ல பண்ணது. அப்பா அந்தாளுக்கு ஓட்டு போடச் சொல்லி ஒரு வார்த்தையும் சொல்லல. கடைசி வரைக்கும் அவர மன்னிக்கவும் இல்ல."

அவருக்கு முதலில் புரியவில்லை. மிமிக்ரியா என்று கேட்டார். இல்லை என்று விளக்கினேன். குரலை யார் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன், வேறு காரியத்துக்கு என்று கேட்டு வாங்கிப்போனதையும் சொன்னேன். அவர் என் கையை விட்டுவிட்டார். கோபமாக விடவில்லை. பிடித்திருப்பது மறந்துபோனது போல விட்டார்.

"அப்ப அவரு சொல்லலியா?"

"இல்லம்மா."

"இத எங்ககிட்ட அப்பவே வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றார். "எங்க பட்டற கேட்டு வாசல்ல நின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே. உங்கப்பான்னா வந்து நின்னிருப்பாரே."

வேலை, பயம், அம்மா என்று நான் வைத்திருந்த எந்தக் காரணமும் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. பெண்ணாடம் பஸ் உள்ளே நுழைந்தது, ஜனங்கள் ஓடினார்கள். நான் அவருடைய பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்து, படியில் ஏறக் கை கொடுத்தேன். ஏறி உட்கார இடம் கிடைத்ததும் ஜன்னல் வழியாகப் பையை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"அம்மா சவுரியமா இருக்குதா?"

"இருக்காங்கம்மா."

"கேட்டேன்னு சொல்லு" என்றார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.